முதல் விநாடியின் மூச்சு

பிப்ரவரி 9

தம்பி,

நீ முழுமூச்சோடு ஊதினாயா, இல்லையா? ஒரு கோட்டைப் பார்த்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஆஸ்பத்திரியில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். முன்பின் தெரியாதவர் என்றால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். உன் விஷயத்தில் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

உறைக்குள் கடிதம் இல்லை. ரிப்போர்ட்டின் நகல் மட்டும் இருந்தது. உன் பெயருக்குக் கீழே, "வலது நுரையீரலின் மேல் பகுதியில் கட்டி. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனை" என்று அச்சாகியிருந்தது. அம்மா போனதிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. சரி. ஆனால் கூடப் பிறந்தவனுக்குக் கட்டி என்பதை அச்சடித்த ஒரு வரியில் படித்துத் தெரிந்துகொள்வது எப்படி இருக்கும் என்று நீ யோசித்திருக்கலாம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

பரிசோதனையைப் பற்றி எழுதுகிறேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரே வீச்சில் வெளியே தள்ளி, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று ஆகும்வரை ஊத வேண்டும். முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பதுதான் சர்ஜனுக்கு முக்கியம். நுரையீரலில் ஒரு துண்டை எடுத்த பிறகு, மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு உன்னால் மயக்கம் தெளிந்து சொந்தமாக மூச்சு விட முடியுமா, பிறகு மாடிப்படி ஏற முடியுமா என்பதை அதிலிருந்துதான் கணக்குப் போடுவார். உன் வயதுக்கும் உயரத்துக்கும் முதல் விநாடியில் மூன்று லிட்டர் வர வேண்டும். உனக்கு ஒன்றரைகூட வரவில்லை.

ஆனால் இரண்டாவது பக்கத்தில் வேறொரு பரிசோதனையின் முடிவு இருக்கிறது. மூச்சை இழுத்து, சற்று நேரம் அடக்கிவைத்து, நிதானமாக விடுவது. உள்ளே போன காற்று எவ்வளவு நன்றாக ரத்தத்தில் சேர்கிறது என்று அது காட்டும். அதற்கு வேகம் தேவையில்லை. அதில் உனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் பக்கத்தில் ஒரு நோயாளி, இரண்டாம் பக்கத்தில் இன்னொருவன் என்பதுபோல் இருக்கிறது.

ஊதிய வேகத்தைக் கருவி வரைந்து காட்டும் கோட்டின் வடிவமும் எனக்குப் பிடிக்கவில்லை. பலமாக ஊதினால் அது செங்குத்தாக ஏறிக் கூர்மையாக முடியும். மூச்சுக்குழாய் கெட்டுப்போனவர்களுக்குக்கூட முனை கூராகத்தான் இருக்கும், அதன் பிறகுதான் குழிந்து இறங்கும். உன்னுடையது சாய்வாக ஏறி, மழுங்கி, அப்படியே இறங்குகிறது. உள்ளே யாரோ தூங்குகிறார்கள் என்று கதவை மெல்லத் தள்ளித் திறப்பவன் மாதிரி.

இன்னொரு முறை செய்யச் சொல். போன் செய்ய மாட்டேன். நாம் போனில் பேசினால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. அந்த ரிப்போர்ட்டை நான் அனுப்பலை. வீட்ல இருக்கிறவ எனக்குத் தெரியாம நகல் எடுத்து அனுப்பியிருக்கா. உன் லெட்டர் வந்தப்புறம்தான் மாட்டினா. கேட்டா, "உங்க அக்கா தினம் இதைத்தானே பார்க்கிறாங்க, அவங்களைக் கேக்காம கறிகாய்க் கடைக்காரரையா போய்க் கேப்பேன்?"னு என்மேலயே பாயறா. அண்ணி, அண்ணின்னு உனக்கு ஒரே பாராட்டு. சந்தோஷம்தானே?

டாக்டர் தெளிவா சொல்லிட்டார். "இந்த நம்பரை வெச்சுக்கிட்டு நான் கத்தி எடுக்க மாட்டேன். கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம். வேணும்னா இன்னொரு தடவை ஊதிட்டு வாங்க"ன்னார். நான் வேண்டாம்னுட்டேன். வெளியே வந்தப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? படிக்காம போன அன்னிக்குப் பரீட்சையைத் தள்ளி வெச்சா எப்படி இருக்கும், அப்படி.

ஊதினியான்னு கேக்கறே. ஊதினேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்கார வெச்சு, துணி காயப்போடற கிளிப் மாதிரி ஒண்ணை மூக்குல மாட்டி, வாயில ஒரு அட்டைக் குழாயைத் திணிச்சாங்க. இத்தனை வருஷமா கடையில ஊர்ப்பட்ட மூக்குல கண்ணாடி மாட்டினதுக்கு, என் மூக்குல எல்லாரும் சேர்ந்து பழிவாங்கிட்டாங்கன்னு நினைச்சேன். டெஸ்ட் எடுக்கற பொண்ணு கத்துது பாரு, "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும் இன்னும்"னு. வெளியே உக்காந்திருந்த ஆளு உள்ளே பிரசவம் நடக்குதுன்னு நினைச்சிருப்பான். நீயும் தினம் இதைத்தான் பண்றியா? வீட்ல உப்பை எடுத்துக் கொடுன்னு கேக்கவே ரெண்டு தடவை யோசிக்கிறவ நீ.

உனக்கு எல்லாமே நம்பர். அம்மாவையும் அதாலதான் அடிச்சே. "இன்னும் எத்தனை நாள்டி?"ன்னு அம்மா கேட்டாங்க. வயித்துல பொறந்த எவளும் சொல்லாததை நீ சொன்னே. அன்னிக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவங்க, அப்புறம் என்கிட்டகூட முகம் கொடுத்துப் பேசலை. அதனால என் நம்பரைப் பத்தி நீ எதுவும் சொல்ல வேண்டாம்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பி,

அம்மா கேட்டாள். நான் சொன்னேன். கேட்டவளிடம், அதுவும் அவளிடம், பொய் சொல்ல எனக்கு வரவில்லை. நீ கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாய். அவள் திரும்பிப் படுத்ததைப் பார்த்தாய். படுப்பதற்கு முன்னால் என் கையை இழுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டதைப் பார்க்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கப் போவதில்லை.

உன் கோடுகளுக்கு வருகிறேன். வேண்டுமென்றே குறைத்து ஊதுகிறவர்கள் எங்கள் அறைக்கு அடிக்கடி வருவார்கள். வேலையில் இலகுவான இடம் கேட்பவர், வழக்குப் போட்டிருப்பவர். பயத்தில் பாதியில் நிறுத்திவிடுகிறவர்களும் வருவார்கள். இவர்கள் யாராலும் முடியாத ஒன்று உண்டு. மூன்று முறையும் ஒரே அளவாகக் குறைத்து ஊத முடியாது. ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும். முழு பலத்தோடு ஊதினால்தான் மூன்றும் ஒத்துவரும், ஏனென்றால் அதற்கு மேல் போக இடமில்லை. அதனால்தான் குறைந்தது மூன்று முறை ஊதச் சொல்கிறோம்.

உன்னுடைய மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரிகின்றன. அந்தப் பெண் "நம்பத்தக்கது" என்று குறிப்பெழுதியிருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் எழுதியிருப்பேன். கோட்டின் மழுங்கல் உறுத்தியிருக்கும். ஆனாலும் எழுதியிருப்பேன்.

போன கடிதத்தில், தூங்குகிற வீட்டில் கதவைத் திறப்பவன் மாதிரி என்று ஒரு வாக்கியம் எழுதினேன். யோசித்து எழுதியதல்ல. தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் அப்பா ஞாபகத்துக்கு வந்தார். அச்சகத்தில் இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு, நம்முடைய ஒற்றை அறையில் திரைக்குப் பின்னால் பகலெல்லாம் தூங்குவார். நாம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பை வாசலிலேயே கையில் எடுத்துக்கொள்வோம். இருமல் வந்தால் தலையணைக்குள். சிரிப்பு வந்தால் தலையணைக்குள். நீ பிறந்ததிலிருந்து அப்படித்தான் மூச்சு விட்டாய்.

எல்லாவற்றுக்கும் குழந்தைப் பருவத்தைக் காரணம் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு டாக்டர் இருக்கிறார், அவர் எதிரே வந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஆகவே இதை நானே முழுதாக நம்பவில்லை. ஆனால் பயம் ஒரே அளவில் மூன்று முறை வராது. பழக்கம் வரும்.

உன் மூச்சுக்குழாய்கள் உண்மையிலேயே கெட்டிருக்கவும் கூடும். மொட்டை மாடியில் ஒளிந்து நின்று நீ புகை பிடித்த வருடங்களை நான் மறக்கவில்லை. சோதித்துப் பார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பலமாக இரும முடிகிறதா என்று பார். அடுத்த தும்மலை அடக்காதே. முடிகிறதா என்று மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 1

அக்கா,

நீ சொன்னபடி குளியலறைக்குள்ள போனேன். குழாயைத் திறந்து விட்டேன், அந்தச் சத்தத்துல கூச்சம் போகட்டும்னு. பெருசா மூச்சு இழுத்தேன். இருமினேன். கதவைத் தட்டி, "என்னங்க, சோப்பு தீர்ந்து போச்சா?"ங்கறா இவ. அதுதான் என் இருமலோட லட்சணம். சோப்பு கேக்கற மாதிரி இருக்கு.

மறுபடி பண்ணிப் பார்த்தேன். தொண்டைக்கிட்ட வந்ததும் எவனோ உள்ளேருந்து பிடிச்சு நிறுத்தறான். தும்மலும் அப்படியே. கடையில கண்ணாடிக் காலுக்குச் சின்னத் திருகாணி முடுக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கணும், இல்லேன்னா பறந்துடும். அந்தப் பழக்கம்னுதான் இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன். "உங்களுக்குத் தும்மத் தெரியாது"ன்னு கல்யாணமான புதுசுல இவ சொன்னப்போ, ஏதோ மரியாதையான மனுஷன்னு பாராட்டறான்னு நினைச்சேன்.

உனக்கு அந்தப் போட்டி ஞாபகம் இருக்கா? அப்பா தூங்கும்போது யாரு சத்தமில்லாம அதிக நேரம் சிரிக்கிறதுன்னு. நீ எப்பவும் தோத்துடுவே. மூக்கால ஒரு சத்தம் விடுவே, திரைக்குப் பின்னாடி அப்பா உருண்டு படுப்பார், ரெண்டு பேரும் செத்தோம்னு உறைஞ்சு போவோம். நான் ஒரு தடவைகூடத் தோத்ததில்லை. கண்ணுல தண்ணி கொட்டும், வயிறு வலிக்கும், ஆனா சத்தம் வராது. என் வாழ்க்கையில நான் ஜெயிச்ச ஒரே போட்டி அதுதான்.

நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். இப்ப நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. பக்கத்துக் கடை தையல்காரர் போன வருஷம் நெஞ்சு ஆபரேஷனுக்குப் போனார். போகும்போது என்கிட்ட சாவியைக் கொடுத்து, "ஒரு வாரம் பார்த்துக்கப்பா"ன்னார். அந்தச் சாவி இன்னும் என் மேசை இழுப்பறையில இருக்கு. வாங்கிக்க ஆள் வரலை.

நம்பர் நல்லா வந்தா கத்தி. நல்லா வரலைன்னா கத்தி இல்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கறவனுக்கு இது தெரியும். நீயே சொல்லு, எவன் முழுசா ஊதுவான்? அப்பா பாவம், தூங்கிட்டுப் போகட்டும். அவர்மேல பழியைப் போடாதே.

தம்பி


மார்ச் 5

தம்பி,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய், மதியம் அறை காலியான நேரத்தில் மறுபடி படித்தேன். பழக்கமா, பயமா என்று இப்போது எனக்கு இன்னும் குழப்பமாக இருக்கிறது. உனக்கே தெரியுமா என்றும் சந்தேகமாக இருக்கிறது.

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். கட்டி ஒரே இடத்தில்தான் இருக்கிறது, எடுத்துவிட யோசிக்கிறார்கள் என்று ரிப்போர்ட்டின் தலைப்பிலிருந்து புரிகிறது. இந்த நிலையில் எடுத்துவிட முடிந்தவர்களுக்கு எடுப்பதுதான் முதல் வழி. கதிர்வீச்சு கெட்ட வைத்தியம் அல்ல. எடுக்க முடியாதவர்கள் பலருக்கு அது உதவுகிறது. ஆனால் சரியாக ஊதாமல் வந்ததற்குக் கிடைக்கும் வைத்தியமாக அது இருக்கக் கூடாது. உன்னால் முடியாது என்று தெரிந்துவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். முடியுமா என்றே இன்னும் தெரியவில்லை. நீ அதைத் தெரியாமலேயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாய்.

வெட்டினால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள், வெட்டாவிட்டால் எத்தனை பேர் என்ற எண்களை எங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் முதலில் எழுதினேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். நீ கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன். அம்மாவிடமும் இதே விதிதான். அவள் கேட்டாள்.

அக்கா


மார்ச் 10

அக்கா,

நம்பர் வேண்டாம்.

இவ ரெண்டு நாளா என்கிட்ட பேசறதில்லை. கண்டபடி திட்டினாக்கூடப் பரவாயில்லை, சத்தமே போடாம பாத்திரம் கழுவறா. அதைத் தாங்க முடியலை. பதினாறாம் தேதி காலையில மறுபடி ஊத வர்றேன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன்.

நீ வா. அந்த ரூம்ல நீ இருக்கணும். கத்தறதும் நீயா இருக்கணும். பொறந்ததுலேருந்து நீ சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஆபரேஷன்ல என்ன ஆகுமோ, அதையாவது ஒரு தடவை கேட்டுட்டுப் போறேன்.

சமாதானம் ஆயிட்டோம்னு நினைச்சுக்காதே. அம்மா விஷயம் அப்படியேதான் இருக்கு.

தம்பி


மார்ச் 15, உன் வீட்டில்

தம்பி,

நீ அடுத்த அறையில் இருக்கிறாய், நான் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் மனைவி பார்த்தால் சிரிப்பாள். என்ன செய்வது? நீ கடையிலிருந்து வந்து "வந்தியா?" என்றாய். "வந்தேன்" என்றேன். "பஸ் லேட்டா?" என்றாய். "இல்லை" என்றேன். பிறகு குளியலறைக் குழாயில் சுடுதண்ணீர் எந்தப் பக்கம் என்பதைப் பற்றி இரண்டு பேரும் நெடுநேரம் பேசினோம். இத்தனை நாள் எழுதியதில் ஒரு வரியைக்கூட எதிரெதிரே உட்கார்ந்து பேச வரவில்லை.

நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்கு உறுதியில்லை. அது என் ஆஸ்பத்திரி இல்லை, அவர்கள் என்னை உள்ளே விட வேண்டும் என்று கட்டாயமில்லை. விட்டாலும், நான் கத்துவதால் உன் நுரையீரல் பெரிதாகிவிடாது. இருப்பது வெளியே வரும், அவ்வளவுதான். இருப்பது போதாது என்று தெரிய வந்தால் அதையும் நாம் தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டும். நான் இங்கே வந்தது உன்னைத் தைரியப்படுத்த அல்ல. அது எனக்கு வராது.

இதை உன்னிடம் கொடுப்பதா என்று நாளை முடிவு செய்கிறேன்.


மார்ச் 16

இதே தாளில் தொடர்கிறேன். கம்ப்யூட்டர் திரை உனக்கு முதுகுப்பக்கம் இருந்தது. ஊதும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாய். ஆகவே நீ பார்க்காததை எழுதி உன் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.

அந்தப் பெண் நல்லவள். "மேடம், நீங்களும் இதே வேலையா? அப்போ நான் தப்புப் பண்ணா நீங்க சொல்லுங்க" என்று நாற்காலி போட்டுக் கொடுத்தாள். நீ கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தாய். மூக்கில் கிளிப். முதல் முறை அவள்தான் கத்தினாள். தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். திரையில் அதே கோடு வந்தது, அதே மழுங்கல். இரண்டாவது முறையும் அதே கோடு, முதல் கோட்டின் மேலேயே படிந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தேன். தினமும் முன்பின் தெரியாதவர்களிடம் கத்துகிறேனே, உன்னிடம் எனக்குத் தொண்டை திறக்கவில்லை. நீ மூச்சை இழுத்தாய், தோள் ஏறியது, நான் "ஊது" என்றேன். உப்பு கேட்கிற குரலில். மூன்றாவதும் வீண்.

நீ கண்ணைத் திறந்து, குழாயை வாயிலிருந்து எடுத்து, "இதுக்குத்தான் பஸ் ஏறி வந்தியா?" என்றாய். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. உன்மேல், அம்மாமேல், அந்தத் திரைச்சீலைமேல், யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நான்காவது முறை நீ மூச்சை இழுத்து முடித்த அந்தக் கணத்தில் நான் என்ன கத்தினேன் என்று உன் மனைவி கேட்டாளாம், உனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றாயாம். இதுதான்: "டேய், அப்பா முழிச்சா முழிச்சுக்கட்டும்டா! ஊதுடா!"

கோடு செங்குத்தாக ஏறியது. முனை கூராக இருந்தது. நீ கடைசிவரை விடவில்லை, முகம் சிவந்து, ஒரு கையால் பெட்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டு ஊதினாய். முடித்ததும் உனக்குக் கண் இருட்டித் தலை சாய்ந்தது. அந்தப் பெண் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். பிறகு நீ இருமினாய். நடைபாதையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உன் மனைவி வெளியே பெஞ்சிலிருந்து ஓடி வந்து, "இருமினது இவரா?" என்று கேட்டாள்.

ஒன்று போதாது என்பதால் ஆற அமர இன்னும் இரண்டு முறை ஊத வைத்தோம். நானும் இன்னும் இரண்டு முறை கத்தினேன், அதே வாக்கியத்தை. மூன்றும் ஒத்துவந்தன. முதல் விநாடியில் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். மூன்று இல்லை. அந்தக் குறை புகையால் வந்தது, அதை அப்பா தலையில் கட்ட முடியாது.

இதற்கு முன்பு நீ குறைத்து ஊதியது பழக்கத்தாலா, பயத்தாலா என்பதற்கு இந்தக் கோட்டிலும் பதில் இல்லை. முதல் கடிதத்தில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

சர்ஜன் மத்தியானம் பார்த்தார். பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்து, "இது அவரேதானா?" என்று அந்தப் பெண்ணுக்கு போன் செய்து கேட்டார். மேல் பகுதியை மட்டும் எடுக்கலாம், மிச்சத்தில் சமாளிக்க முடியும் என்றார். அடுத்த புதன்கிழமை என்றார். உன் மனைவி முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனாள். நீ சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

வீடு திரும்ப பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "சரி, அந்த நம்பர் என்ன?" என்று கேட்டாய்.

சொன்னேன். வெட்டினால் எவ்வளவு, வெட்டாவிட்டால் எவ்வளவு, ஆபரேஷன் மேசையிலிருந்து திரும்பாதவர்கள் எவ்வளவு, மூன்றையும் சொன்னேன். நீ அம்மா மாதிரி திரும்பிக்கொள்வாய் என்று நினைத்தேன். திரும்பவில்லை. பஸ் வந்தது. ஏறும்போது உனக்கு இருமல் வந்தது, வாயை மூடாமல் இருமினாய், டிரைவர் முறைத்தார். கையை வைத்து இரும வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அக்கா